கைக்கெட்டாத தாழ்ப்பாள்

அந்தமானின் செல்லுலார் சிறையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களை வழிகாட்டிகள் ஏதாவது ஓர் அறையின் முன்னால் கட்டாயம் நிறுத்துவார்கள். முதலில் கதவின் கம்பிகளைக் காட்டுவார்கள். அப்புறம் தாழ்ப்பாளைத் தேடச் சொல்வார்கள். அது கதவில் இருக்காது. கதவிலிருந்து நீளும் இரும்புத் தண்டு, பக்கத்துச் சுவரில் குடைந்த ஒரு மாடக்குழிக்குள் போய் முடியும். பூட்டு தொங்குவது அங்கே. உள்ளே அடைபட்டவன் கம்பி இடுக்கு வழியாகத் தோள் வரை கையை நீட்டினாலும் விரல் நுனி அந்தக் குழியைத் தொடாது. காவலர்கள் சில நேரம் பூட்டிவிட்டுச் சாவியைக் கைதியின் கண் முன்னாலேயே போட்டுவிட்டுப் போவார்களாம், ‘முடிந்தால் திறந்துகொள்’ என்பதுபோல. இது வழிகாட்டிகள் சொல்லும் கதை. உண்மையோ, சுற்றுலாவுக்குச் சேர்த்த மசாலாவோ. தாழ்ப்பாள் மட்டும் உண்மை, இன்றும் போய்ப் பார்க்கலாம்.

1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த அந்தச் சிறையில் 690-க்கும் மேற்பட்ட தனி அறைகள் இருந்தன. ஏழு சிறகுகளில் இன்று நிற்பவை மூன்று. ஊரின் பெயர்கூட 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது; என் நாக்குக்குப் பழைய பெயர்தான் வருகிறது, மன்னிக்கவும். அந்தப் பூட்டைச் செய்தவன் வலிமையை இரும்பில் வைக்கவில்லை, தூரத்தில் வைத்தான் என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. நூறாண்டுக்குப் பிறகு, கிரிப்டோ நாணயத்தின் சாவியைக் காப்பாற்ற ஒரு சின்னஞ்சிறு கருவியை வடிவமைத்தவர்களும் அதே யோசனைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

அதை ஹார்டுவேர் வாலட் என்கிறார்கள். கட்டைவிரலை விடச் சற்றுப் பெரியது. பார்க்க பென் டிரைவ் போல இருக்கும். ஒரு குட்டித் திரை, இரண்டு பொத்தான்கள், கணினியோடு இணைக்க ஒரு கேபிள். செக் நாட்டின் பிராக் நகரிலிருந்து 2014-இல் வந்த டிரெசார் இந்த வகையில் முதலில் சந்தைக்கு வந்தது. பிரான்ஸின் லெட்ஜர் நிறுவனம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கிரிப்டோ வாங்கலாமா கூடாதா என்பது இங்கே பேச்சில்லை. அது இந்தியாவில் செலாவணியாக ஏற்கப்பட்ட பணம் இல்லை. லாபம் வந்தால் 30 சதவீதம் வரி, கைமாறும்போது 1 சதவீதம் முன்பிடித்தம் என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது. வாங்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் வாங்கி வைத்திருப்பவர் அந்தப் பெட்டியின் செயலியைத் திறக்கும்போது என்ன நடக்கிறது, எங்கே ஏமாறுகிறார் என்பது நல்ல அறிவியல் கதை. சாவியின் கதை என்றால் பூட்டுக்குப் பேர்போன சிறையிலிருந்து தொடங்குவதுதானே முறை.

வாலட் என்ற பெயரே முதல் குழப்பம். அந்தப் பெட்டிக்குள் காசு கிடையாது.

நிக்கோபார் தீவுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தேங்காய்தான் பணம். கப்பலில் வந்த வியாபாரியிடம் துணிக்கு இத்தனை காய், கத்திக்கு இத்தனை காய் என்று எண்ணிக் கொடுத்து வாங்கினார்கள். அந்தப் பணத்தைத் தொடலாம், உடைத்துத் தின்னலாம், திருடிக்கொண்டு ஓடவும் செய்யலாம். பிட்காயின் இதற்கு நேர் எதிர். உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பேரேட்டின் படிகளை வைத்திருக்கின்றன. ‘இந்த முகவரியில் இத்தனை இருக்கிறது’ என்று அதில் எழுதியிருக்கும். நாணயம் என்பது அந்த வரிதான். வரியை மாற்றச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் உடைமைக்காரர். அந்த உரிமையை நிரூபிக்கும் இரகசிய எண்ணைத்தான் சாவி என்கிறோம். பெட்டிக்குள் இருப்பது அது மட்டுமே.

அந்த எண், எழுதினால் 78 இலக்கம் வரை நீளக்கூடியது. அதிலிருந்து ஒரு கணக்கின் மூலம் பொதுச் சாவி பிறக்கிறது, பொதுச் சாவியிலிருந்து முகவரி பிறக்கிறது. முகவரியை ஊருக்கே சொல்லலாம். அதை வைத்து இரகசிய எண்ணுக்குத் திரும்பிப் போக வழியில்லை. செல்லுலார் சிறையில் கைதிகளைச் செக்கில் பூட்டித் தேங்காயெண்ணெய் ஆட்ட வைத்தார்கள். (நம் வ.உ.சி. செக்கிழுத்தது கோவைச் சிறையில்; பலர் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.) கொப்பரையைப் போட்டால் எண்ணெய் வரும். எண்ணெயை எப்படிச் சுற்றினாலும் கொப்பரை திரும்ப வராது. நீள்வட்ட வளைகோட்டுக் கணிதம் என்று பெரிய பெயர் வைத்திருக்கும் இந்தக் கணக்கும் அப்படி ஒரு திசைச் செக்குதான்.

யாருக்காவது நாணயம் அனுப்ப வேண்டும் என்றால் கணினியில் இருக்கும் செயலி ஒரு விண்ணப்பம் தயாரிக்கும்: இன்ன முகவரிக்கு, இவ்வளவு. அந்த விண்ணப்பம் கேபிள் வழியாகப் பெட்டிக்குள் போகும். பெட்டி தன் குட்டித் திரையில் அதைக் காட்டும். நாம் பொத்தானை அழுத்தினால், உள்ளே இருக்கும் சாவியால் அதன் மேல் கையொப்பம் போட்டு, கையொப்பத்தை மட்டும் வெளியே அனுப்பும். சாவி வெளியே வருவதில்லை. கணினியில் எத்தனை வைரஸ் இருந்தாலும் அதன் கை சாவி வரை நீளாது. ஏ.டி.எம். அட்டையிலும் சிம் கார்டிலும் இருக்கும் பாதுகாப்புச் சில்லின் இனத்தைச் சேர்ந்த ஒன்றைத்தான் இப்போதைய பெட்டிகள் பெரும்பாலானவற்றில் வைக்கிறார்கள். அது இல்லாத பழைய டிரெசார் பெட்டி ஒன்று கையில் கிடைத்தால், மின்னழுத்தத்தைச் சரியான நொடியில் தடுமாற வைத்துக் கால்மணி நேரத்தில் இரகசியத்தைக் கறந்துவிடலாம் என்று 2020-இல் கிராக்கன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள்.

இப்போது கவனியுங்கள். மேலே சொன்ன கதையில் பயனர் பெயர் எங்காவது வந்ததா? கடவுச்சொல் வந்ததா? ‘உள்நுழை’ என்று ஒரு பொத்தான்?

இல்லை. வங்கிக்கு லாகின் உண்டு, ஏனென்றால் பேரேடு வங்கியிடம் இருக்கிறது. நாம் யார் என்று அதற்கு நிரூபித்தாக வேண்டும். இங்கே பேரேடு எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, சாவி நம் மேசையில் இருக்கிறது. நடுவில் ‘வா, உள்ளே வா’ என்று சொல்ல ஆளே இல்லை. செயலிக்கு ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம். அது அடுத்தவர் கண்ணுக்குக் கணக்கை மறைக்கும் திரைச்சீலை, அவ்வளவுதான். உண்மையான திறப்பு பெட்டியில் நடக்கிறது: பின் எண்ணைப் பெட்டியிலேயே அழுத்துகிறோம், கணினியின் விசைப்பலகையில் அல்ல. லெட்ஜரில் அந்த எண் 4 முதல் 8 இலக்கம். மூன்று முறை தவறாக அழுத்தினால் பெட்டி தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும்.

ஆனால் வங்கியும் மின்னஞ்சலும் பழக்கிய மனசு எதைத் தேடும்? பெட்டியை வாங்கியவர் தேடுபொறியைத் திறந்து, வாலட்டின் பெயரைப் போட்டுப் பக்கத்தில் ‘லாகின்’ என்று தட்டுகிறார். திருடன் கடை விரித்திருப்பது அந்த ஒரு சொல்லில்தான். இலவசமாக இணையப் பக்கம் போடவிடும் தளங்களில் ‘பாதுகாப்பாக உள்நுழைவது எப்படி’ என்று வழிகாட்டி வேடத்தில் பக்கங்கள் கிடக்கின்றன. நிறுவனத்தின் சின்னம் இருக்கும், எட்டுப் படிகளில் அறிவுரை இருக்கும், ஏமாறாதீர்கள் என்ற எச்சரிக்கைகூட இருக்கும். கடைசியில் ஒரு பொத்தான். அழுத்தினால் 12 அல்லது 24 கட்டங்கள் திறக்கும்: உங்கள் மீட்புச் சொற்களை இடுங்கள்.

அந்த 24 சொற்கள் என்னவென்று புரிந்தவர் அதைச் செய்யமாட்டார். புரியாமல் பெட்டியை வாங்கியவர் செய்துவிடுவார், அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பெட்டி கெட்டுப்போகலாம், தொலையலாம், கடலில் விழலாம். உள்ளே இருக்கும் எண்ணுக்கு ஒரு நகல் வேண்டும். 256 பூஜ்ஜியமும் ஒன்றும் கலந்த வரிசையை மனிதன் பிழையில்லாமல் தாளில் எழுதுவது நடக்காத காரியம். ஆகவே 2013-இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: பிஐபி-39 என்று அதற்குப் பெயர். 2,048 எளிய சொற்களின் பட்டியல். ஆங்கிலப் பட்டியல் ‘அபாண்டன்’ என்று தொடங்கி ‘ஜூ’ என்று முடியும். எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது, எனவே கையெழுத்து மோசமாக இருந்தாலும் ஊகித்துவிடலாம். ஒவ்வொரு சொல்லும் 11 இருமத் துகள்களைச் சுமக்கிறது. 24 சொல் என்றால் 264. அதில் 256 இரகசியம். மீதி 8 சரிபார்ப்புக்கு. எளிமையாகச் சொன்னால், முதல் 23 சொற்களைத் தேர்ந்துவிட்டால் 24-ஆவதாகப் பொருந்துவது 2,048-இல் வெறும் 8 சொற்கள்தான். ஒரு சொல்லைத் தப்பாக எழுதி வைத்திருந்தால் பெட்டி பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். ஜப்பானியம், கொரியம், செக் உட்பட பத்துப் பட்டியல்கள் இருக்கின்றன. தமிழ்ப் பட்டியல் இல்லை. 2,048 தமிழ்ச் சொற்களை முதல் நான்கு எழுத்திலேயே பிரித்தறியும்படி யாராவது தொகுத்தால் நன்றாகத்தான் இருக்கும். சந்தி, குறில் நெடில், ரகர றகரம் எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும்.

இந்த 24 சொற்களும் சாவியின் நகல் என்று சொல்வதுகூடப் போதாது. சாவியே அதுதான். பெட்டி அந்தச் சொற்களைப் பூட்டி வைத்திருக்கும் அறை, அவ்வளவே. சொற்கள் ஒருவர் கைக்குப் போனால் அவருக்குப் பெட்டி வேண்டாம், பின் எண் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம். உலகின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் முகவரியைக் காலி செய்யலாம். புகார் சொல்ல வங்கி மேலாளர் இல்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேச வேண்டும், பேசலாம். ஆனால் பேரேட்டில் எழுதிய வரியை அழிக்கும் ரப்பர் காவல்துறையிடமும் கிடையாது.

ஆகவே அந்தச் சொற்களை இடும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: பெட்டியின் சொந்தத் திரை, அதுவும் புதுப் பெட்டியில் பழைய கணக்கை மீட்கும்போது. பழைய சிறிய பெட்டிகள் சிலவற்றில் கணினியில் தட்டச் சொல்லும் முறை உண்டு. அங்கேயும் எத்தனையாவது சொல் என்று பெட்டிதான் வரிசையைக் கலைத்துக் கேட்கும். இணையப் பக்கம், மின்னஞ்சல், செல்பேசியில் ‘சார், கஸ்டமர் கேரிலிருந்து பேசுகிறோம்’ என்கிற குரல், இவர்களில் யார் கேட்டாலும் கேட்பவர் திருடன். விதிவிலக்கே இல்லாத விதிகள் வாழ்க்கையில் குறைவு. இது அவற்றில் ஒன்று.

திருடன் இணையத்தில் மட்டும் இருப்பதில்லை. 2020-இல் லெட்ஜரின் விற்பனைத் தரவு கசிந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் மின்னஞ்சல் முகவரிகள். அதில் 2,70,000-க்கும் அதிகமானோரின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் அந்த ஆண்டு டிசம்பரில் பொதுவில் கொட்டப்பட்டன. சாவி ஒன்றும் போகவில்லை. ஆனால் யார் யாரிடம் பெட்டி இருக்கிறது என்ற பட்டியல் போய்விட்டது. அடுத்த ஆண்டு அந்தப் பட்டியலில் இருந்த சிலர் வீட்டுக்குப் புத்தம்புதுப் பெட்டிகளே தபாலில் வந்தன: உங்கள் பழைய கருவி பாதுகாப்பானது இல்லை, இதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஒரு கடிதத்துடன். பிரித்துப் பார்த்தால் உள்ளே சர்க்யூட்டில் கூடுதலாக ஏதோ பற்றவைத்திருந்தது. 2025-இல் நிறுவனத்தின் முகப்புத்தாளில், க்யூ.ஆர். கட்டத்தோடு, கடிதங்கள் வந்தன. ஐந்து வருடம் கழித்தும் அதே பட்டியல் வேலை செய்கிறது போலும்.

தபாலில் வரும் பெட்டி என்றதும் அந்தமான் நினைவுக்கு வருகிறது: மெயின்லேண்டிலிருந்து எதை வரவழைத்தாலும் விமானத்திலோ கப்பலிலோ வந்து பல கை மாறித்தான் தீவுக்குச் சேரும். போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் கடை வைத்திருக்கும் ஒருவர் இந்தப் பெட்டியை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். உறை பிரிபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லதுதான், ஆனால் உறையை நம்புவதில் அர்த்தமில்லை. பிளாஸ்டிக் உறை போடும் இயந்திரம் எந்த ஊரிலும் கிடைக்கும். நம்ப வேண்டியது, முதல் முறை இணைக்கும்போது செயலி நடத்தும் அசல் சோதனையை. நிறுவனம் தொழிற்சாலையிலேயே சில்லுக்குள் ஒரு சாவியைப் புதைத்து அனுப்புகிறது. செயலி ஒரு புதிய கேள்வியை உள்ளே அனுப்ப, சில்லு அதில் கையொப்பம் போட்டுத் திருப்பித் தர வேண்டும். போலிச் சில்லுக்கு அந்தச் சாவி இருக்காது. இன்னொன்று: பெட்டி தன் 24 சொற்களைத் தானே, உங்கள் கண் முன்னால் உருவாக்க வேண்டும். பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் அச்சடித்த அட்டை ஒன்று அழகாகச் சுரண்டித் தேய்க்கும் பூச்சோடு வந்தால், அந்தச் சொற்கள் இன்னொருவரிடமும் இருக்கின்றன என்று பொருள்.

அந்த அசல் சோதனையைச் செய்யும் செயலியே போலியாக இருந்தால்? 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் கடையிலேயே ‘லெட்ஜர் லைவ் வெப்3’ என்ற பெயரில் ஒன்று இருந்தது. அதிகாரப்பூர்வமான கடை என்று நம்பி இறக்கியவர்கள் ஏறக்குறைய 16.8 பிட்காயினை இழந்த பிறகுதான் அதை எடுத்தார்கள். மேக் கணினியில் நல்ல செயலியை அழித்துவிட்டு அதன் நாற்காலியில் போலியை உட்காரவைக்கும் தீநிரல்களும் 2025-இல் வெளிவந்தன. ஐகான் அதே, நிறம் அதே, திறந்ததும் ‘கோளாறு, சொற்களை இடுங்கள்’ என்று மட்டும் சொல்லும். செயலி அசலா என்று பார்க்கப் பல வழிகள் உண்டு: பெட்டியோடு வந்த தாளில் உள்ள முகவரியை நாமே கையால் தட்டிப் போவது, தேடுபொறி விளம்பரத்தை அழுத்தாமல் இருப்பது, அந்தப் பக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்வது. ஆனால் செயலி போலியாகவே இருந்தாலும், சொற்களை அதில் இடாமல், பெட்டியின் திரையைப் படிக்காமல் எதற்கும் பொத்தானை அழுத்தாமல் இருக்கிறவரிடம் அது எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தாழ்ப்பாளின் தூரம் கொடுக்கும் வரம் அது.

வரம் என்று சொன்ன கையோடு ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். 2023 மே மாதத்தில் லெட்ஜர் ஒரு சேவையை அறிவித்தது: விரும்புகிறவர்களின் மீட்பு இரகசியத்தை மறையாக்கி, மூன்றாகத் துண்டு போட்டு, மூன்று நிறுவனங்களிடம் வைப்போம், தொலைத்தால் அடையாள அட்டை காட்டி மீட்கலாம். இணைய உலகம் கொதித்தது. சாவி வெளியே வரவே வராது என்றுதானே சொன்னீர்கள்? பயனர் பெட்டியில் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும் என்பது உண்மை. ஆனால் பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதுகிறவரின் கை தாழ்ப்பாளைத் தொடும் தூரத்தில்தான் இருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. சிறையைக் கட்டியவனுக்குத் தன் தாழ்ப்பாள் எட்டும்.

இனி, சாவி பத்திரமாக உள்ளேயே இருந்தும் எல்லாம் போன கதை. அது நம் நாட்டுக் கதை.

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ சந்தையின் ஒரு வாலட்டிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேல், நம் கணக்கில் கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய், போய்விட்டது. அந்த வாலட் ஏனோதானோ என்று வைத்திருந்தது அல்ல. ஆறு பேர் கையொப்பக்காரர்கள்: ஐந்து பேர் வசீர்எக்ஸ் தரப்பு, ஒருவர் லிமினல் என்ற பாதுகாவல் நிறுவனத்தின் தரப்பு. ஒரு பரிமாற்றம் போக வேண்டுமானால் முதலில் மூன்று பேர், கடைசியில் லிமினல் ஒப்ப வேண்டும். அந்த மூன்று பேரும் லெட்ஜர் பெட்டிகளைத்தான் வைத்திருந்தார்கள் என்று வசீர்எக்ஸ் சொன்னது. கணினித் திரையில் தெரிந்தது ஒரு சாதாரணப் பரிமாற்றம். உண்மையில் கையொப்பம் விழுந்தது வேறொன்றில்: வாலட்டின் நிரலையே திருடனின் நிரலாக மாற்றும் உத்தரவில். திரையில் காட்டியதும் உள்ளே இருந்ததும் வேறு என்று வசீர்எக்ஸ் சொல்ல, எங்கள் அமைப்பில் ஓட்டையில்லை, உங்கள் கணினிகள்தான் கெட்டிருந்தன என்று லிமினல் சொன்னது. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் சேர்ந்து விட்ட அறிக்கை இந்தத் திருட்டை வடகொரியாவின் கணக்கில் எழுதியது.

அடுத்த மாதமே, 2025 பிப்ரவரி 21 அன்று, பைபிட் என்ற சந்தையில் இதே வித்தை பெரிய அளவில் நடந்தது. சுமார் 150 கோடி டாலர். கடைசிக் கையொப்பம் போட்டவர் நிறுவனத்தின் தலைவர் பென் ஜோ. இணைய முகவரியைச் சரிபார்த்தார், லெட்ஜரில் கையொப்பமிட்டார். பெட்டியின் குட்டித் திரையில் அந்தச் சிக்கலான உத்தரவு மனிதன் படிக்கும் வடிவத்தில் வரவில்லை.

நம் ஊரில் இதற்குப் பழைய பெயர் உண்டு: வெற்றுத்தாளில் கையெழுத்து. கைநாட்டு வைக்கும் பாட்டியிடம் ‘சும்மா ஒரு ரசீதுதான் ஆத்தா’ என்று சொல்லி நிலத்தை எழுதி வாங்கியவர்களின் நுட்பமும் இதுதான். பெருவிரல் பாட்டியுடையது, மை அசல், சாட்சிகள் அசல். மேலே எழுதியிருந்தது மட்டும் வேறு. ஹார்டுவேர் வாலட் பெருவிரலை யாரும் வெட்டிக்கொண்டு போகாமல் காக்கும். எதன் மேல் பதிகிறது என்பதை அதன் உரிமையாளர்தான் படிக்க வேண்டும். படிக்க முடியாத எண் எழுத்துக் குவியலாக வந்தால் பொத்தானை அழுத்தாமல் கேபிளைப் பிடுங்குவதே சரி. அந்தக் குவியலை ‘இன்னாருக்கு, இவ்வளவு, இந்த அனுமதி’ என்று திரையிலேயே விரித்துக் காட்டும் ஏற்பாடுகளை நிறுவனங்கள் இப்போதுதான் அவசரமாகச் செய்துவருகின்றன.

சாதாரணமாக அனுப்பும்போதும் இதே சங்கதி சிறிய அளவில் உண்டு. நகலெடுத்த முகவரியை ஒட்டும் நேரத்தில் மாற்றிவிடும் வைரஸ்கள் பழையவை. புதியது, நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே முதல் எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் அமைந்த ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்குச் சில்லறை அனுப்பி, உங்கள் பரிமாற்றப் பட்டியலில் அதைக் கிடத்திவிடுவது. 2024 மே மாதம் ஒருவர் பட்டியலிலிருந்து அப்படி ஒரு முகவரியை நகலெடுத்து சுமார் 6.8 கோடி டாலரை அனுப்பிவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு திருடன் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது அதிசயம். முகவரியை முழுவதும், பெட்டியின் திரையில், ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க இரண்டு நிமிடம் ஆகும்.

வசீர்எக்ஸ் கதைக்குச் சென்னையில் ஒரு பின்குறிப்பு இருக்கிறது. அந்தத் திருட்டுக்குப் பிறகு சந்தை எல்லோர் கணக்கையும் முடக்கியது. ஒரு முதலீட்டாளரின் 3,532 எக்ஸ்ஆர்பி நாணயங்களும் முடங்கின. திருடுபோனது அவை அல்ல, வேறு வகை நாணயங்கள். ஆனாலும் எடுக்க முடியவில்லை. அவர் வழக்குப் போட்டார். 2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சட்டத்தின் பார்வையில் சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று தீர்ப்பளித்தார். தன் சாவியைச் சந்தையிடம் விடாமல் சொந்தப் பெட்டியில் வைத்திருந்தவருக்கு அந்த வழக்கே தேவைப்பட்டிருக்காது என்பது ஒரு பக்கம். (அந்தமான், கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவது; போர்ட் பிளேர் தமிழர் இந்தத் தீர்ப்பை அங்கே எடுத்துக்காட்டலாம், ஆனால் அது அந்த நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.)

தீவில் இருப்பவருக்கு இந்தப் பெட்டியில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–போர்ட் பிளேர் கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்படும் வரை அந்தமானின் இணையம் செயற்கைக்கோளை நம்பித்தான் ஓடியது. 1,224 கோடி ரூபாய் செலவில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கேபிள் கடலுக்கடியில் போனது. ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் எல்லாம் இணைந்தன. இன்றும் வங்கி லாகின் என்றால் செல்பேசிக் கோபுரம் உயிரோடு இருக்க வேண்டும்; சிம் கார்டை ஏமாற்றி வாங்கியவன் ஓ.டி.பி.யையும் வாங்கிவிடுவான். பெட்டிக்கோ ஓ.டி.பி. கிடையாது. கையொப்பம் போட இணையமே வேண்டாம். போட்ட கையொப்பத்தை அனுப்பத்தான் இணையம். புயல் நாளில் நெட்வொர்க் செத்துக் கிடந்தால் பெட்டி பொறுமையாகக் காத்திருக்கும்.

ஆனால் அதே கடல்தான் தாளுக்கு எதிரி. 24 சொற்களைப் புகைப்படம் எடுக்கக்கூடாது, வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி வைத்துக்கொள்ளக்கூடாது, மின்னஞ்சல் வரைவில் சேமிக்கக்கூடாது. தாளில்தான் எழுத வேண்டும். அந்தமான் ஈரத்தில் தாள் என்ன ஆகும் என்பது அங்கே பழைய பத்திரங்களை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் எழுத்துகளைக் குத்தி வைக்கும் வழக்கம் இதற்காகவே வந்தது. முதல் நான்கு எழுத்து போதும் என்பதால் தகடு சின்னதாகவே இருக்கும்.

எஃகும் போதாத நாள் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் நிக்கோபார் தீவுகள் வீடுகளை இழந்தன, வீடுகளோடு பெட்டிகளையும் பத்திரங்களையும் இழந்தன. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களை ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்திய கச்சால் தீவு, மிக மோசமாக அடிபட்டவற்றில் ஒன்று. தெற்குக் கோடியில் இந்திரா முனையின் நிலமே நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கி, கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. தீவில் இருப்பவரின் இரண்டாவது தகடு இன்னொரு அலமாரியில் இருந்து பயனில்லை. இன்னொரு கரையில் இருக்க வேண்டும்: மதுரையில் அக்கா வீட்டில், சென்னையில் வங்கி லாக்கரில். அக்கா வீட்டுப் பரணை யாராவது துழாவினால் என்ன செய்வது என்று பயந்தால், 24 சொல்லோடு மனதில் மட்டும் வைத்துக்கொள்ளும் இன்னொரு சொல்லைச் சேர்க்கும் வசதி உண்டு. அதைச் சேர்த்தால் வேறு வாலட்டே திறக்கும். தகடு கிடைத்தவனுக்குக் காலி அறைதான் தெரியும். அதில் ஆபத்தும் அதே அளவு. அந்தக் கூடுதல் சொல்லுக்குச் சரிபார்ப்பு எதுவும் கிடையாது. ஓர் எழுத்து மறந்தாலும் பெட்டி ‘தவறு’ என்று சொல்லாது, இன்னொரு காலி அறையைப் பணிவாகத் திறந்து காட்டும். மறதி எனக்கு அதிகம் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டும் ஒருவர் பெட்டி வாங்கினால், முதல் நாளில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. கையேடுகளில் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருப்பது. நாணயம் எதையும் போடாமல், பெட்டி உருவாக்கும் 24 சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். முதல் முகவரி என்ன என்று திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, லெட்ஜர் பெட்டி என்றால், வேண்டுமென்றே தவறான பின் எண்ணை மூன்று முறை அழுத்துங்கள். பெட்டி எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு வாங்கிய நாளைப் போல விழிக்கும். இப்போது கணினியைத் தொடாமல், பெட்டியின் பொத்தான்களால், தாளைப் பார்த்து 24 சொற்களையும் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். விரல் வலிக்கும், அரைமணி நேரம் ஆகலாம். முடித்ததும் முதல் முகவரியைத் திரையில் வரவழையுங்கள். குறித்து வைத்ததோடு ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்திருந்தால் தாள் சரி. ஒத்துப்போகவில்லை என்றால் எழுதும்போது எங்கேயோ தவறிவிட்டது. உள்ளே இன்னும் ஒரு ரூபாய்கூட இல்லை, இன்னொரு தாளை எடுத்து முதலிலிருந்து தொடங்கலாம்.